கறிவேப்பிலைக்கு ஒரு ஸ்வெட்டர்

ஆபீஸில் ராப்பகலாக வேலை பார்த்தது ஒருத்தர், மேடையில் கைகுலுக்கல் வாங்கியது வேறொருத்தர் என்று ஆகும்போது, மத்தியானம் டீக்கடையில் ஒரு வசனம் கேட்கும். 'நம்மளைக் கறிவேப்பிலை மாதிரி யூஸ் பண்ணிட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்க ஸார்!'

நியாயமான உவமைதான். நம் ஊரில் கறிவேப்பிலைக்கு அவ்வளவுதான் மரியாதை. கத்தரிக்காய்க்கு விலை உண்டு, தக்காளிக்கு விலை உண்டு, தக்காளி விலை ஏறினால் டி.வி.யில் செய்தியே உண்டு. கறிவேப்பிலை மட்டும் கொசுறு. கேட்டு வாங்குவதுகூட இல்லை, உரிமையோடு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். காய்கறிக்காரம்மா 'அஞ்சு ரூபா குடு' என்று சொல்லிவிட்டால் போச்சு. 'கறிவேப்பிலைக்கெல்லாமா காசு? காலம் கெட்டுப் போச்சு' என்று தெரு முழுக்கப் புலம்பல். அப்புறம் அது கொதிக்கிற எண்ணெயில் குதித்து உயிரை விட்டு, வாசனையைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு இலையின் ஓரத்தில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

இதே கறிவேப்பிலைக்குத் தனி ஜன்னல், தனி விளக்கு, வெந்நீர் ஒத்தடம் மாதிரி உபசாரம், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் என்று ராஜ மரியாதை நடக்கிற இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்ற ஊர் அதில் ஒன்று. ஆமாம், பல்பு எடிசன்தான். அவருடைய மென்லோ பார்க் ஆராய்ச்சிக்கூடம் இருந்த இடம் என்பதால், 1954-ல் ஊருக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1879-ல் அங்கே ஒரு மனிதர் கண் விழித்து பல்பை எரிய வைத்தார். இன்றைக்கு அதே ஊரில் ஏராளமான இந்தியக் குடும்பங்கள். அவற்றில் சில வீடுகளின் ஹாலில் டிசம்பர் மாதம் பூராவும் எல்.இ.டி. விளக்கு எரிகிறது. படிக்க இல்லை, கறிவேப்பிலைக்கு. எடிசன் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

என் அக்கா மகன் அந்த ஊரில் இருந்தான். சாஃப்ட்வேர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா இருப்பது மாயவரத்தில். கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம், யாரும் வைத்ததாக நினைவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக் குடித்தே கூரை உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதனால் மகன் போனில் 'ஒரு சின்னச் செடி வாங்கியிருக்கேம்மா, இருபத்தஞ்சு டாலர்' என்றதும் அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது. மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

'ஏண்டா, நான் வரும்போது நம்ம மரத்திலேருந்து ஒரு கன்னைப் பிடுங்கிட்டு வர மாட்டேனா? துணியில சுத்தி, பொடி டப்பாவுக்கு அடியில வெச்சா யாருக்குத் தெரியும்?'

'தெரியும்மா. நாய்க்குத் தெரியும்.'

பையன் ஜோக் அடிக்கவில்லை. அமெரிக்க ஏர்போர்ட்டுகளில் பெட்டியை மோந்து பார்க்க நாய் வைத்திருக்கிறார்கள். வெடிமருந்துக்குத் தனி நாய், போதைப் பொருளுக்குத் தனி நாய், பழம், இலை, மாமிசத்துக்குத் தனி நாய். அதற்கு ஒரு கொத்து கறிவேப்பிலையும் ஒரு முழுக் கோழியும் ஒன்றுதான், பக்கத்தில் வந்து அடக்கமாக உட்கார்ந்துவிடும். சொல்லாமல் கொண்டுவந்து மாட்டினால், சொந்த உபயோகத்துக்கான பொருளாகவே இருந்தாலும், முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். கேட்ட இடத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது, பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு இலைக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கோபம் வரும். காரணம் தெரிந்தால் கோபம் போய்விடும். அதற்குக் கொஞ்சம் வம்சாவளி பார்க்க வேண்டும்.

* * *

பெயரில் வேம்பு இருக்கிறதே தவிர, கறிவேப்பிலை வேப்ப மரத்துக்குச் சொந்தம் கிடையாது. இலை அடுக்கு அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். நிஜமான சொந்தக்காரர்கள் எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, வில்வம், விளாம்பழம். ஒரே குடும்பம். சந்தேகம் என்றால் ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் எண்ணெய்ப் பை. எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு. குடும்ப மச்சம்.

தாவர சாஸ்திரத்தில் இதன் பெயர் முர்ரயா கோனிகி. இந்த 'கோனிகி' நம்ம ஊர்ப் பக்கம் சம்பந்தப்பட்டது. யொஹான் கேர்ஹார்ட் கோனிக் என்று ஒரு டாக்டர், செடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1768-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வைத்தியம் பார்க்க வந்தார். நோயாளியைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செடி கொடியைப் பார்த்தார். அவர் பெயர்தான் நாம் தூக்கிப் போடுகிற இலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரங்கம்பாடி மாயவரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். அக்காவிடம் சொன்னேன். 'அந்த டாக்டரும் கன்னை வெளிநாட்டுக்குக் கொண்டு போயிருப்பாரே, அவரை எந்த நாய் பிடிச்சுது?' என்றாள். பதில் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சொந்தம் என்றால் சீரும் வரும், சீக்கும் வரும். எலுமிச்சைக் குடும்பத்தின் கொழுந்துகளில் மட்டும் சாறு உறிஞ்சி வாழ்கிற ஒரு பூச்சி இருக்கிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். தலையைக் கீழே தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரும். நம் ஊரில் அது காலங்காலமாக இருக்கிறது. கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் அதற்கு உயிர். இந்தப் பூச்சி ஒரு பாக்டீரியாவை மரத்துக்கு மரம் சுமந்து போகிறது. அது ஆரஞ்சு மரத்துக்குள் போனால், இலையில் தயாராகும் சர்க்கரை கீழே இறங்குகிற பாதை அடைபடும். பழம் ஒருபக்கம் கோணும், பழுக்காமல் பச்சையாகவே நிற்கும், கசக்கும். சில வருஷத்தில் மரம் போய்விடும். மருந்து கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கறிவேப்பிலைச் செடிக்கு இந்த நோய் ஒன்றும் செய்வதில்லை. அது பூச்சிக்கு வீடு மட்டும் கொடுக்கிறது. பார்க்க ஆரோக்கியமான ஒரு கொத்தில், கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் விமானம் ஏறிவிடும்.

புளோரிடாவில் பூச்சி 1998-ல் தென்பட்டது. நோய் 2005-ல் வந்தது. 2003-04 சீஸனில் அந்த மாநிலத்தில் 24 கோடியே 20 லட்சம் பெட்டி ஆரஞ்சு விளைந்தது, ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. 2024-25 சீஸனில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெட்டி. இருபதில் ஒரு பங்கு. நடுவில் அடித்த புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனாலும் முதல் குற்றவாளி நோய்தான். தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சு போட்டவர்கள் தோப்பை விற்றுவிட்டுப் போனார்கள். கலிபோர்னியாவில் 2009-ல், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பார்சலை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. பிரித்தால் உள்ளே கறிவேப்பிலை, அதில் பூச்சி, பூச்சியில் அந்தக் கிருமி. யாரோ ஒரு அம்மாவோ அத்தையோ பாசமாக அனுப்பியதாகத்தான் இருக்கும்.

எனவே அமெரிக்காவுக்குப் போகிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள். அங்கேயே இருப்பவர்களுக்கும் ஒன்று: புளோரிடா, டெக்ஸாஸ், கலிபோர்னியாவின் பல பகுதிகள் இந்தப் பூச்சிக்காக வேலி போடப்பட்டவை. 'ஹூஸ்டன்ல சித்தப்பா வீட்டுத் தோட்டத்துல நல்லா வருது, ஒரு கன்னு காரில் வெச்சு எடுத்துட்டு வந்தேன்' என்பதும் கூடாது. அந்தந்த மாநிலத்தில் அனுமதியோடு விற்கிற நர்சரியில் வாங்குவதுதான் ஒழுங்கு. இருபத்தைந்து டாலர் என்பது அந்த ஒழுங்குக்கான விலை.

வாங்கும்போதும் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். அங்கே நர்சரிகளில் 'கர்ரி பிளான்ட்' என்று சீட்டு குத்தி ஒன்று விற்கும். வெள்ளி நிறத்தில் ஊசி ஊசியாக இலை, மஞ்சள் பூ. மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, சூரியகாந்திக்குச் சொந்தம். தொட்டால் ஏதோ மசாலா வாசனை வரும் என்பதால் அந்தப் பெயர். பையனின் ரூம்மேட் அதை வாங்கி வந்து ரசத்தில் தாளித்தான். ரூமில் நாலு பேர், ரசம் அப்படியே மிச்சம்.

* * *

சரி, சரியான செடி கிடைத்துவிட்டது. குளிர் ஊரில் எப்படி வளர்ப்பது?

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எடிசனில் ஜனவரி ராத்திரி மைனஸ் 5 டிகிரி சாதாரணம். கறிவேப்பிலைக்கு 10 டிகிரிக்குக் கீழே போனாலே வேலை நிறுத்தம், உறைபனி பட்டால் கதை முடிந்தது. அதனால் தரையில் நடுகிற பேச்சே இல்லை, தொட்டிதான். மே மாதம் நடுவில், பனி இனி இல்லை என்றானதும் பால்கனிக்கு. செப்டம்பர் கடைசியில், ராத்திரி 10 டிகிரியைத் தொடும் முன்னால் வீட்டுக்குள். வெளியே கொண்டு போகும் முதல் வாரம் நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்ட வேண்டும். ஆறு மாதம் ஏ.ஸி. ரூமில் இருந்தவனைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? இலையும் அப்படித்தான் கருகும்.

தொட்டி பெரிசாக இருந்தால் செடி சீக்கிரம் பெரிசாகும் என்று நினைப்பது, பெரிய சட்டை வாங்கிக் கொடுத்தால் பையன் வளர்ந்துவிடுவான் என்பது மாதிரி. சின்னச் செடிக்குச் சின்னத் தொட்டி, அடியில் ஓட்டை கட்டாயம். வேர் நிறைந்ததும் அடுத்த சைஸ். மண் பொலபொலவென்று, தண்ணீர் நிற்காமல் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். கோடையில் தாராளமாக உரம் போடலாம். எலுமிச்சைக்கு என்று கடையில் விற்பதே போதும். குடும்பம் ஒன்றுதானே?

நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், கிள்ளாவிட்டால் கொடிக்கம்பம் மாதிரி ஒற்றையாய்ப் போகும். பறிக்கும்போது ஒவ்வொரு இலையாக உருவக் கூடாது, ஈர்க்கோடு எடுக்க வேண்டும். பூ வந்தால், இலைதான் வேண்டும் என்கிறவர்கள் பூவைக் கிள்ளிவிடலாம். பழம் விட்டு, விதை கிடைத்தால் உடனே சதையை நீக்கி ஊன்ற வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டால் முளைக்கிற சக்தி சீக்கிரம் போய்விடும். விதையை வாயில் போடாதீர்கள், நல்லதில்லை. கடைக் கொத்தின் குச்சியைத் தண்ணீரில் வைத்து வேர் பிடிக்கும் என்று காத்திருப்பது, லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி.

இதெல்லாம் கோடைக் கதை. இது சுலபம். செடிகள் செத்துப் போவது குளிர்காலத்தில், அதுவும் வீட்டுக்குள் பத்திரமாக வைத்த பிறகு!

டிசம்பரில் அங்கே பகல் ஒன்பதே கால் மணி நேரம்தான். மாயவரத்தில் அதே நாளில் பதினொன்றரை. அந்த ஒன்பது மணியிலும் பாதி நாள் மேகம். வெளிச்சம் போதாமல் செடி தூங்கப் போகிறது. இலை மஞ்சளாகிறது, ஒவ்வொன்றாய் உதிர்கிறது. இங்கேதான் பாசம் உள்ளே நுழைகிறது.

'இலை கொட்டுதும்மா.'

'தண்ணி பத்தலைடா. நல்லா ஊத்து.'

ஊற்றினான். இன்னும் கொட்டியது. 'புளிச்ச மோர் ஊத்து' என்றாள். ஊற்றினான். ரூமில் மோர் வாடை, பொடி ஈ, ரூம்மேட்டின் முணுமுணுப்பு. மிச்ச இலையும் கொட்டியது. உரம் போட்டான். ரிசல்ட் வரவில்லை என்றால் மீட்டிங்கை இரண்டு மடங்காக்குகிற மேனேஜரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே கதைதான்.

நடந்தது இதுதான். தூங்குகிற செடி தண்ணீர் குடிக்காது. குளிர்ந்த மண்ணில் தண்ணீர் தங்கினால் வேருக்குக் காற்று இல்லை, அழுகும். வேர் அழுகினால் இலை வாடும். வாடினால் நாம் மறுபடி தண்ணீர் ஊற்றுவோம். மோர் நம் ஊர் வெயிலில், கொல்லை மண்ணில் நல்ல சமாசாரம். மைனஸ் 5-ல், மூடின ரூமில், பிளாஸ்டிக் தொட்டியில் அல்ல. என்னைக் கேட்டால், வீட்டுக்குள் குளிரால் செத்த கறிவேப்பிலையைவிட அன்பால் செத்த கறிவேப்பிலை ஜாஸ்தி.

குளிர்கால விதிகள் கொஞ்சம்தான். தெற்கு பார்த்த ஜன்னல், ஆனால் கண்ணாடியில் இலை ஒட்டக் கூடாது. ஹீட்டர் காற்று நேரே அடிக்கக் கூடாது. முடிந்தால் ஒரு விளக்கு, தினம் பன்னிரண்டு மணி நேரம். விரலை மண்ணில் இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. பத்து நாளுக்கு ஒரு தடவை, சமயத்தில் பதினைந்து நாள்கூட ஆகும். உரம் வேண்டாம். ஹீட்டர் போட்ட வறண்ட காற்றில் சிலந்திப் பேனும் செதில் பூச்சியும் வரும், அதற்கு வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் போதும். மற்றபடி அதைச் சும்மா விட வேண்டும். சும்மா விடுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

* * *

போன ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி பையன் எனக்கு போன் பண்ணினான். 'மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க' என்று ஆரம்பித்தான். கம்பெனியில் ஆள் குறைப்பு. இவன் டீமில் ஆறு பேர். காலையில் ஒரு வீடியோ மீட்டிங், பத்து நிமிஷம், அவ்வளவுதான், லேப்டாப் அணைந்துவிட்டது. அவன் இருப்பது எச்-1பி விசாவில். வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள், அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும் அல்லது மூட்டை கட்ட வேண்டும்.

நான் டீக்கடை வசனத்தை எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. 'செடியும் போயிடுச்சு மாமா. ஒரு இலைகூட இல்லை, குச்சிதான் நிக்குது. குப்பையில போட்டுடலாம்னு பார்க்கறேன்' என்றான்.

இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் சொல்ல வேண்டிய தத்துவம் எதுவும் எனக்கு வரவில்லை. செடி விஷயம் மட்டும்தான் தெரியும். 'தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நகத்தால தண்டை லேசாச் சுரண்டிப் பாரு மாப்ளே. உள்ளே பழுப்பா, காஞ்சு இருந்தா இன்னும் கீழே சுரண்டு. எங்கேயாவது பச்சை தெரிஞ்சா உசிர் இருக்கு' என்றேன்.

போனை வைத்துவிட்டுப் போனவன் இரண்டு நிமிஷத்தில் ஒரு போட்டோ அனுப்பினான். குச்சியில் நகக்கீறல். அதற்குள் மெல்லிசாகப் பச்சை.

அப்புறம் இரண்டு மாதம் நாங்கள் செடியைப் பற்றித்தான் பேசினோம். எத்தனை இன்டர்வியூ, என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொண்டேன். அக்கா மட்டும் ஒன்றும் தெரியாமல் தினம் 'மோர் ஊத்துனியா?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனும் 'ஊத்துனேம்மா' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பத்தேழாவது நாள் வேலை கிடைத்தது. செடிக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஏப்ரல் இரண்டாம் வாரம்தான் அடித்தண்டில் சிவப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

புது வேலை மினியாபோலிஸில். எடிசனைவிடக் குளிர். ஜனவரியில் அங்கே மைனஸ் 20 எல்லாம் சர்வசாதாரணம். இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, தொட்டியைக் காரின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, சுமார் 1,900 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனான். போனதும் வாங்கிய முதல் சாமான் இன்னொரு விளக்கு. அதற்கப்புறம்தான் கட்டில்.

வேலை மாறிய கதையை அக்காவிடம் அப்போதுதான் சொன்னான். அரை மணி நேரம் அழுதாள், கால் மணி நேரம் என்னைத் திட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'அந்த ஊர்ல குளிர் இன்னும் ஜாஸ்தியாமே, தாங்குமாடா?' என்று கேட்டாள். செடியைக் கேட்டாளா, அவனைக் கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை.

'தாங்கும்மா. தண்ணி மட்டும் அளவா ஊத்தணும்' என்றான்.